கல்யாணம் நின்றது, சீர்வரிசை போய்ச் சேர்ந்தது

எதிரி வரைந்த மேப்பைப் பார்த்து மனம் நொந்து கோர்ட்டுப் படியேறியது ஒரு கம்பெனி. அமெரிக்காவின் ஏடி அண்ட் டி. வருடம் 2009, நவம்பர் மாதம். போட்டிக் கம்பெனியான வெரைசான் டிவியில் ஒரு விளம்பரம் போட்டிருந்தது. இரண்டு அமெரிக்க மேப்கள். ஒன்றில் இந்தக் கடலிலிருந்து அந்தக் கடல் வரை சிவப்பு. அது வெரைசானின் 3ஜி. இன்னொன்றில் அங்கொரு பொட்டு, இங்கொரு பொட்டாக நீலம், மீதியெல்லாம் வெள்ளை. அது ஏடி அண்ட் டியின் 3ஜி.

ஏடி அண்ட் டியின் வாதம் இதுதான்: கனம் கோர்ட்டார் அவர்களே, அந்த வெள்ளை இடத்தில் எங்களுக்கு 3ஜிதான் இல்லை, 2ஜி இருக்கிறது, பார்க்கிற ஜனங்கள் அங்கே சிக்னலே இல்லை என்று நினைத்துவிடுவார்கள். அதாவது, 'எங்கள் வீட்டில் சோறு இல்லைதான், ஆனால் கஞ்சி இருப்பதை ஏன் காட்டவில்லை?' என்று மானநஷ்டம் கேட்கிற வழக்கு. வெரைசானின் பதில் மனு, விளம்பரம் பொய் என்பதால் இவர்கள் வழக்குப் போடவில்லை, அது உண்மை என்பதால் போட்டிருக்கிறார்கள், உண்மை உறுத்துகிறது என்று எழுத்திலேயே கொடுத்தது. விளம்பரத்தை உடனே நிறுத்த நீதிபதி மறுத்தார். சில வாரங்களில் ஏடி அண்ட் டி வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டது. இதற்கிடையே லூக் வில்சன் என்ற நடிகரைப் பிடித்து, ஒரு பெரிய மேப்பின் மேல் நிற்கவைத்து, தங்களுக்கு சிக்னல் உள்ள ஊர்களின் பெயர் போட்ட தபால் கார்டுகளை வாரி இறைக்கச் சொன்னது. டவர் போடுவதைவிட கார்டு போடுவது மலிவு.

இத்தனைக்கும் காரணம் ஐபோன். 2007-ல் அது வந்தபோது அமெரிக்காவில் விற்கும் ஏகபோக உரிமை ஏடி அண்ட் டிக்கு. வாங்குகிறவன் அதை எடுத்துப் பயன்படுத்தவும் செய்வான் என்பது உரிமை வாங்கிய சந்தோஷத்தில் யாருக்கும் தோன்றவில்லை போலும். நியூயார்க்கிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் ஹலோ சொல்லி முடிப்பதற்குள் கால் கட்டானது. 2007 முதல் 2010 வரை தங்கள் நெட்வொர்க்கில் டேட்டா போக்குவரத்து 8,000 சதவீதம் ஏறிவிட்டது என்று கம்பெனியே பின்னால் அரசிடம் கணக்குச் சொன்னது. மாத பில் மட்டும் ஒருவருக்கும் கட்டாகவில்லை.

இங்கே ஏடி அண்ட் டியின் குல வரலாற்றைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வரும் பசி புரியாது. அமெரிக்காவின் போன் முழுவதையும் கையில் வைத்திருந்த பழைய ஏடி அண்ட் டியை, ஏகபோகம் ஆகாது என்று 1984-ல் உடைத்தார்கள். உள்ளூர் போன் சேவை ஏழு கம்பெனிகளாகப் பிரிந்தது. அந்த ஏழில் டெக்சாஸ் பக்கத்துப் பிள்ளை சவுத்வெஸ்டர்ன் பெல். சாதுவாகத்தான் இருந்தான். பிறகு எஸ்பிசி என்று பெயரை மாற்றிக்கொண்டு 1997-ல் ஒரு சகோதரனை வாங்கினான், 1999-ல் இன்னொரு சகோதரனை. 2005-ல் சுமார் 1,600 கோடி டாலருக்கு அம்மாவையே வாங்கினான். வாங்கிய கையோடு அம்மாவின் பெயரைத் தன் பெயராக வைத்துக்கொண்டான். அடுத்த வருடம் பெல்சவுத் என்ற இன்னொரு சகோதரனும் உள்ளே போனான். அரசாங்கம் இருபது வருடம் முன்பு கஷ்டப்பட்டுப் பிரித்த குடும்பத்தை இந்தப் பிள்ளை ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்து ஒன்று சேர்த்தான், வயிற்றுக்குள்.

இந்த மாதிரி ஒரு பிள்ளைக்கு நெட்வொர்க் நெரிசல் என்று ஒரு வியாதி வந்தால், டவர் போடுவோம் என்று தோன்றுமா, யாரை வாங்கலாம் என்று தோன்றுமா?

அமெரிக்காவில் அப்போது நாடு முழுக்க ஓடிய மொபைல் கம்பெனிகள் நாலு. வெரைசான், ஏடி அண்ட் டி, ஸ்பிரின்ட், டி-மொபைல். கடைசியாகச் சொன்னது ஜெர்மனியின் டாய்ச்சு டெலிகாமுக்குச் சொந்தம். 2001-ல் வாய்ஸ்ஸ்ட்ரீம் என்ற கம்பெனியை ஏகப்பட்ட பணம் கொடுத்து வாங்கி, பெயர் மாற்றி, பத்து வருடம் வளர்த்து, இனி என்னால் ஆகாது என்ற நிலைக்கு அப்பா வந்திருந்தார். ஐபோன் கிடையாது. சந்தாதாரர்கள் மூணே கால் கோடிக்கு மேல், ஆனால் இருப்பவர்களும் நழுவிக்கொண்டிருந்தார்கள்.

அலைக்கற்றை நிலவரம் அதைவிடப் பரிதாபம். (அலைக்கற்றை என்றால் என்ன என்று தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. இந்தக் கதை நடந்த அதே 2011-ல் நம் ஊர் டீக்கடை பெஞ்சுகளில் அதைப் பற்றித் தீர்ப்பே எழுதிக்கொண்டிருந்தோம்.) ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும்: அதிர்வெண் குறையக் குறைய சிக்னல் தூரம் போகும், சுவரைத் துளைக்கும். 700, 850 மெகாஹெர்ட்ஸ் எல்லாம் அந்த ஜாதி. அவை வெரைசானிடமும் ஏடி அண்ட் டியிடமும் இருந்தன. டி-மொபைலிடம் இருந்ததெல்லாம் மேல்கற்றை: 1,900 மெகாஹெர்ட்ஸ், பிறகு 2006 ஏலத்தில் 420 கோடி டாலர் கொட்டி வாங்கிய ஏடபிள்யூஎஸ் என்ற 1,700-2,100 மெகாஹெர்ட்ஸ் ஜோடி. நகரத் தெருவில் நின்றால் நன்றாகப் பேசலாம். லிஃப்டுக்குள் போனால் போச்சு. ஊர் எல்லை தாண்டினால் அதுவும் போச்சு.

இருந்தாலும் வாய்க்குக் குறைச்சல் இல்லை. 2010 கடைசியில் டி-மொபைல் ஒரு விளம்பரம் விட்டது. இளஞ்சிவப்பு கவுன் போட்ட ஒரு அழகான பெண்; பக்கத்தில் ஐபோனாக நடிக்கும் ஒரு ஆள், அவன் முதுகில் பாரமாக ஏடி அண்ட் டி நெட்வொர்க். நாடே சிரித்தது.

சிரித்து முடிப்பதற்குள் பெண் கேட்டு வந்துவிட்டார்கள்.

2011 மார்ச் 20, ஞாயிற்றுக்கிழமை. டி-மொபைலை 3,900 கோடி டாலருக்கு வாங்குவதாக ஏடி அண்ட் டி அறிவித்தது. 2,500 கோடி ரொக்கம், மீதி ஏடி அண்ட் டி பங்குகள். ஜெர்மன் சம்பந்திக்கு மாப்பிள்ளை கம்பெனியில் 8 சதவீத அளவுக்குப் பங்கும், போர்டில் ஒரு நாற்காலியும். தேதி குறித்தாயிற்று, பெரியவர்கள் ஆசீர்வாதம் மட்டும் பாக்கி. பெரியவர்கள் இரண்டு பேர்: போட்டி கெடுகிறதா என்று பார்க்கும் நீதித்துறை, அலைக்கற்றை உரிமங்களைக் கைமாற்ற அனுமதி தரும் எஃப்.சி.சி. ஆணையம்.

டாய்ச்சு டெலிகாமின் தலைவர் ரெனே ஓபர்மான் விவரமானவர். நாலு மூணாகிறது என்றால் அரசாங்கம் சும்மா இருக்காது என்று அவருக்குத் தெரியும். அதனால் ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்தைச் சேர்க்கச் சொன்னார். அரசாங்க அனுமதி கிடைக்காமல் கல்யாணம் நின்றால் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாருக்கு 300 கோடி டாலர் ரொக்கம், கூடவே கொஞ்சம் அலைக்கற்றை, அதற்கு மேல் சலுகையான ரோமிங் ஏற்பாடு எல்லாம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். நம் பக்கத்தில் நிச்சயம் முறிந்தால் தட்டு, வெற்றிலைச் செலவோடு போகும். இவர்கள் நிலத்தையே எழுதிவைத்தார்கள். ஏடி அண்ட் டியின் தலைவர் ராண்டல் ஸ்டீபன்சன் கையெழுத்துப் போட்டார். நிற்கும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

அரசாங்கத்துக்குச் சொன்ன காரணம் கேட்கவே நெஞ்சு உருகும். எங்களுக்கு அலைக்கற்றைப் பஞ்சம். டி-மொபைலின் கற்றையும் சேர்ந்தால் அமெரிக்க மக்களில் 97 சதவீதம் பேருக்கு எல்டிஇ என்ற 4ஜி கொண்டுபோவோம். சேராவிட்டால் 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வோம். பாவம் அந்த 17 சதவீதம். மலை, பண்ணை, பாலைவனம், செவ்விந்தியர் ஒதுக்கிடம் என்று எங்கெல்லாம் டவரையே காணோமோ, அங்கிருக்கும் ஏழைக் குழந்தைகளின் படிப்புக்காகத்தான் நாங்கள் போட்டியாளனை விழுங்குகிறோம் என்கிற தொனி. மொபைல் கம்பெனிகளுக்குக் கிராமத்தின் மேல் பாசம் பொங்குகிற தருணங்களைக் கவனித்துப் பாருங்கள். பக்கத்தில் எங்கோ ஒரு ஒப்பந்தக் காகிதம் கிடக்கும்.

டி-மொபைலின் அலைக்கற்றை நகரத்துக் கற்றை, தூரம் போகாத மேல்கற்றை என்று மேலே பார்த்தோம். அதைக் கொண்டு கிராமத்தை எட்டுவது எப்படி என்று அப்போதே சில பொறியாளர்கள் கேட்டார்கள். கல்யாண வீட்டில் இந்த மாதிரி கேள்வி கேட்பவர்களைப் பந்தியில் கடைசி வரிசையில்தான் உட்காரவைப்பார்கள்.

ஆதரவுக் கடிதங்கள் குவிந்தன. எழுதியவர்கள் யார் என்பதுதான் வேடிக்கை. ஊடகங்களில் தன்பாலின ஈர்ப்பாளர்கள் சித்திரிக்கப்படும் விதத்தைக் கண்காணிக்கும் கிளாட் என்ற அமைப்பு, இந்த இணைப்பு நாட்டுக்கு நல்லது என்று எஃப்.சி.சி.க்கு எழுதியது. கற்றைக்கும் அவர்களுக்கும் என்ன உறவு? அந்த அமைப்புக்கு ஏடி அண்ட் டி நன்கொடை தந்திருந்தது, அதுதான் உறவு. அதன் உறுப்பினர்களே கொந்தளித்து, ஜூன் மாதம் அதன் தலைவர் ராஜினாமா செய்ய வேண்டியதாயிற்று. லூசியானாவில் வீடற்றவர்களுக்குக் காப்பகம் நடத்தும் ஒரு பாதிரியாரும் எழுதினார். காப்பகத்துக்கும் நன்கொடை வந்திருந்தது. வீடில்லாதவனுக்கு எல்டிஇ இல்லாததுதான் பெருங்குறை என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம்.

எதிர்த்தவர்களில் குரல் பெரியது ஸ்பிரின்ட்டுக்கு. மூன்றாமிடத்துக் கம்பெனி. அதன் தலைவர் டான் ஹெஸ்ஸி போன இடமெல்லாம், நாலு கம்பெனி மூணானால் போட்டி செத்தது, விலை ஏறும், புதுமை நின்றுபோகும், இரண்டு பெரிய தலைகள் நாட்டையே பங்கு போட்டுக்கொள்ளும் என்று முழங்கினார். செனட் கமிட்டியில் முழங்கினார். பிறகு ஸ்பிரின்ட் தனியாக வழக்கும் போட்டது. இந்த முழக்கத்தை ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஆகஸ்ட் மாதம் வந்தது அந்த அருமையான நாள். ஏடி அண்ட் டிக்காக வேலை பார்த்த ஒரு வக்கீல் நிறுவனம் எஃப்.சி.சி.க்கு ஒரு கடிதம் கொடுக்க வேண்டியிருந்தது. வியாபார ரகசியங்களைக் கறுப்பு மையால் மறைத்த பிரதி பொதுமக்களுக்கு, மறைக்காத பிரதி அதிகாரிகளுக்கு. கை தவறியது. மறைக்காத பிரதி ஆணையத்தின் இணையதளத்தில் ஏறிவிட்டது. கொஞ்ச நேரத்தில் எடுத்துவிட்டார்கள்தான். அதற்குள் படிக்க வேண்டியவர்கள் படித்தாயிற்று.

அதில் இருந்த ரகசியம் இது. எல்டிஇ-யை 80 சதவீதத்திலிருந்து 97 சதவீதத்துக்குக் கொண்டுபோக எவ்வளவு செலவாகும்? 380 கோடி டாலர். அந்தச் செலவு வேண்டாம் என்று ஜனவரியிலேயே மேலிடம் முடிவு செய்துவிட்டிருந்தது. ஜனவரியில் 380 கோடியைக் கட்டாது என்று ஒதுக்கிய அதே மேலிடம், அதே வேலையைச் செய்யத்தான் மார்ச்சில் 3,900 கோடி கொடுக்கிறேன் என்று சத்தியம் செய்கிறது! அப்படியானால் மீதி 3,520 கோடி எதற்கு? நாலாவது கடையை மூடுவதற்கு என்று ஊரில் எல்லோருக்கும் தோன்றியது. ஏடி அண்ட் டி மட்டும், கடிதத்தில் புதிதாக ஒன்றுமில்லை, முன்பே சொன்னதுதான் என்றது. புதிதாக ஒன்றுமில்லாத கடிதத்துக்குக் கறுப்பு மை எதற்கு என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 31 காலை ஸ்டீபன்சனின் கம்பெனி ஒரு நல்ல செய்தி சொன்னது. இணைப்பு நடந்தால், வெளிநாட்டுக்குப் போன 5,000 கால் சென்டர் வேலைகளை அமெரிக்காவுக்கே திருப்பிக் கொண்டுவருவோம். செய்தி நாடு முழுக்கப் பரவுவதற்குள், அதே நாள், நீதித்துறை இணைப்பைத் தடுக்கக் கோரி வாஷிங்டன் கோர்ட்டில் வழக்குப் போட்டுவிட்டது. சில வாரங்களில் நியூயார்க், கலிஃபோர்னியா உட்பட ஏழு மாநிலங்கள் அதே பக்கத்தில் போய் நின்றன. கல்யாண மண்டப வாசலில் போலீஸ் ஜீப்.

நவம்பரில் எஃப்.சி.சி. தலைவர் ஜூலியஸ் கெனகாவ்ஸ்கியும் இணைப்பை விசாரணைக்கு அனுப்பலாம் என்று கிளம்பினார். பார்த்தது ஏடி அண்ட் டி. அமெரிக்கா முழுவதும் வான்கோழியை வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நன்றி சொல்லும் திருநாளன்று, நவம்பர் 24, விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறோம் என்று அறிவித்தது. அதே அறிவிப்பில், இந்தக் காலாண்டில் 400 கோடி டாலர் நஷ்டக் கணக்கு எழுதுகிறோம்: 300 கோடி ரொக்கம், 100 கோடி அலைக்கற்றையின் புத்தக மதிப்பு. பண்டிகை நாளில் யார் பேப்பர் படிப்பார்கள் என்ற நம்பிக்கை. எல்லோரும் படித்தார்கள். எஃப்.சி.சி. விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தது, கூடவே ஊழியர்கள் எழுதிய ஆய்வறிக்கையையும் வெளியிட்டுவிட்டது. வேலைவாய்ப்பு பெருகாது, குறையும். 97 சதவீதக் கதையும் நம்பும்படி இல்லை, போட்டி இருந்தால் ஏடி அண்ட் டி தானாகவே அவ்வளவு தூரம் போகும் என்றது அறிக்கை. பெண்ணே வேண்டாம் என்று எழுந்து போகிறவன் கையில் ஜாதகத்தில் உள்ள தோஷப் பட்டியலையும் கொடுத்தனுப்புவது என்றால் இதுதான். ஏடி அண்ட் டிக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம்தான்.

டிசம்பர் 19, 2011. கல்யாணம் நின்றது.

சீர் கிளம்பியது. 300 கோடி டாலர் ரொக்கம். 128 மொபைல் சந்தைப் பகுதிகளில் ஏடபிள்யூஎஸ் அலைக்கற்றை. நாட்டின் முதல் இருபது பெரிய சந்தைகளில் பன்னிரண்டு அதில் அடக்கம், லாஸ் ஏஞ்சலஸ், டல்லாஸ், ஹூஸ்டன், பாஸ்டன், சான் பிரான்சிஸ்கோ எல்லாம் சேர்த்து. ஏழு வருடத்துக்கு மேல் ஓடும் 3ஜி ரோமிங் ஒப்பந்தம். அதனால் டி-மொபைலின் சேவை எட்டும் மக்கள்தொகை 23 கோடியிலிருந்து 28 கோடியாகும் என்று ஜெர்மன்காரர்கள் மகிழ்ந்து அறிக்கை விட்டார்கள். அலைக்கற்றைப் பஞ்சத்தில் செத்துக்கொண்டிருப்பதாக ஒன்பது மாதம் ஒப்பாரி வைத்த கம்பெனி, 128 இடங்களில் அலைக்கற்றையைத் தூக்கிக் கொடுத்தது. கொடுத்த பிறகும் அது சாகவில்லை. அதையும் சொல்ல வேண்டும்: அடுத்த வருடம் நவம்பரில் 1,400 கோடி டாலர் திட்டம் ஒன்றை அறிவித்து, 2014 கடைசிக்குள் 30 கோடி மக்களுக்கு எல்டிஇ தருவோம் என்றது. அமெரிக்காவின் மக்கள்தொகையே அப்போது 31 கோடிச் சொச்சம். டி-மொபைல் இல்லாமல் முடியவே முடியாது என்று சத்தியம் செய்த வேலை அது.

கைவிடப்பட்ட பெண் என்ன செய்தாள்? 2012 பிப்ரவரியில் டி-மொபைல் 400 கோடி டாலரில் நெட்வொர்க்கைப் புதுப்பிக்கப் போவதாகச் சொன்னது. எல்டிஇ போடுவதற்கு அலைக்கற்றை ஏது? மாப்பிள்ளை வீட்டு அலைக்கற்றை இருக்கிறதே! செப்டம்பரில் ஜான் லெஜர் என்றொருவர் தலைவராக வந்தார். கோட்டுக்குள் கம்பெனி நிறத்தில் இளஞ்சிவப்பு டி-ஷர்ட், தலைமுடி தோள் வரை, வாயில் கெட்ட வார்த்தை. 2013-ல் மெட்ரோபிசிஎஸ் கம்பெனியைச் சேர்த்துக்கொண்டார், ஐபோனைக் கொண்டுவந்தார், இரண்டு வருட ஒப்பந்தம் என்ற அடிமைச் சாசனத்தை ஒழித்தார். 2014 ஜனவரியில் லாஸ் வேகாஸில் ஏடி அண்ட் டி கொடுத்த பார்ட்டிக்கு அழைப்பில்லாமல் போய் உட்கார்ந்தார். காவலர்கள் வெளியே கொண்டுபோய் விட்டார்கள். அந்தச் செய்தி தந்த விளம்பரத்தைக் காசு கொடுத்து வாங்கியிருக்க முடியாது. அதே மாதம் வெரைசானிடமிருந்து 236 கோடி டாலருக்கு மேல் கொடுத்து 700 மெகாஹெர்ட்ஸ் வாங்கினார். லிஃப்டுக்குள் சிக்னல் வந்தது. 2017 ஏலத்தில் கிட்டத்தட்ட 800 கோடிக்கு 600 மெகாஹெர்ட்ஸ். ஊர் எல்லை தாண்டியும் வந்தது. நடுவில் டி-மொபைல் ஸ்பிரின்ட்டைத் தாண்டி மூன்றாமிடத்துக்கும் போயிற்று.

போட்டி என்ற ஒன்று இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. இத்துடன் முடிந்திருந்தால் நல்ல கதை.

2018 ஏப்ரல் 29. டி-மொபைல், ஸ்பிரின்ட்டுடன் இணைவதாக அறிவித்தது. சுமார் 2,600 கோடி டாலர். நாலு மூணாகிறது. நாலு மூணானால் நாடு அழியும் என்று முழங்கிய அதே ஸ்பிரின்ட். ஹெஸ்ஸி போய்விட்டார், முழக்கமும் அவரோடு போய்விட்டது. நாலாக இருந்ததால் பிழைத்த அதே டி-மொபைல். காரணம் என்ன? 5ஜி. ஸ்பிரின்ட்டிடம் 2.5 கிகாஹெர்ட்ஸ் ஏராளம், எங்களிடம் கீழ்க்கற்றை. இரண்டும் சேர்ந்தால்தான் கிராமத்துக்கு எட்டும். மூன்று வருடத்தில் எத்தனை சதவீதம் மக்களுக்கு 5ஜி தருவதாக எஃப்.சி.சி.க்கு வாக்குக் கொடுத்தார்கள் தெரியுமா?

97.

இந்த எண்ணில் ஏதோ ராசி இருக்க வேண்டும். இந்த முறை ஆசீர்வாதமும் கிடைத்தது. இணைப்பை அறிவித்த பிறகு டி-மொபைல் ஆட்கள் வாஷிங்டனில் டிரம்ப் ஹோட்டலில் தங்கி 1,95,000 டாலர் செலவழித்ததாக 2019-ல் கம்பெனியே ஒப்புக்கொண்டது; அதற்கும் அனுமதிக்கும் சம்பந்தமில்லை என்றும் சொன்னது. அந்த ஹோட்டலில் அறைகள் வசதியாக இருந்திருக்கும். இணைப்பைத் தடுக்கச் சொல்லி மாநிலங்கள் போட்ட வழக்கும் 2020 பிப்ரவரியில் தோற்றது. ஏப்ரல் 1 அன்று இணைப்பு முடிந்தது. தேதியை யார் குறித்தார்களோ.

நாலாவது இடம் காலியாக இருக்கக் கூடாதே என்று நீதித்துறை டிஷ் என்ற சாட்டிலைட் டிவி கம்பெனியைக் கூப்பிட்டு உட்காரவைத்தது. ஸ்பிரின்ட்டின் பூஸ்ட் மொபைலை 140 கோடி டாலருக்கு அதன் கையில் கொடுத்து, ஏற்கெனவே நீ வாங்கிப் பூட்டிவைத்திருக்கும் அலைக்கற்றையில் புது நெட்வொர்க் கட்டு, நீதான் இனி நாலாவது என்றார்கள். டிஷ் கட்டத் தொடங்கியது, கடனும் கூடவே கட்டடமாய் எழுந்தது.

2025 ஆகஸ்ட்டில் டிஷ்ஷின் தாய்க் கம்பெனி எக்கோஸ்டார், தன் அலைக்கற்றையில் ஒரு பகுதியை 2,300 கோடி டாலருக்கு விற்க ஒப்பந்தம் போட்டது. பூஸ்ட் சந்தாதாரர்கள் வாங்குகிறவரின் நெட்வொர்க்கிலேயே ஓடிக்கொள்ளலாம் என்றும் ஏற்பாடு. வாங்குகிறவர் ஏடி அண்ட் டி.